இரண்டு லிட்டருக்கு ஒரு டப்பா

எல்லை தாண்டி இரவில் வரும் பெட்ரோல்
காலையில் என் மேசைமேல் வெயில் வாங்கி நிற்கும்,
பழைய விஸ்கி பாட்டில்களில்,
வயிறு பெருத்த கண்ணாடிக் குடுவைகளில்.
கோட்டோனூவில் இதற்கு க்பாயோ என்று பெயர்.
அசல் அல்லாதது என்று பொருள்.
என் கடையில் அசல் என்றால்
தக்காளி விழுது வந்த இந்தச் சின்ன டப்பா மட்டும்தான்.
இரண்டு லிட்டருக்கு ஒரு டப்பா எண்ணெய்.
ஊற்றி, குடுவையைத் தோளோடு அணைத்துக் குலுக்கினால்
பச்சை நூலாய் இறங்கியது
சுழன்று, தயங்கி, காணாமல் போகும்.

புகையைப் பார்த்தே ஆளைச் சொல்வேன்.
நீலமாய்க் கொத்துக்கொத்தாய் விட்டுப்போகிறவன்
இஞ்சினுக்குப் பயந்தவன்.
வெள்ளையாய் என்றால் தண்ணீர் கலந்த சரக்கு,
என்னிடம் வாங்கியதல்ல, சத்தியம்.
புகையே இல்லாமல் ஒருவன் போனால்தான்
எனக்கு நெஞ்சு பதறும்.

மஞ்சள் சட்டை செஜ்ரோ ஒருநாள்
அரை டப்பா போதும் என்றான்.
மறுவாரம் கால்.
கஞ்சத்தனம் என்று நினைத்து வாய்விட்டே கேட்டேன்:
"உன் பிஸ்டன் என்ன நோன்பா இருக்கிறது?"
அவன் சிரிக்கவில்லை.
வண்டியும் நாங்களும் ஒரே அறையில் படுக்கிறோம் என்றான்.
வெளியே விட்டால் விடிவதற்குள்
வேறு ஊரில் வேறு நிறத்தில் நிற்கும்.
ஃபிஃபாமேவுக்கு எட்டு மாதம்.
சைலன்சரிலிருந்து ராத்திரி முழுக்கக்
கறுப்பாய்ச் சொட்டுகிறது.
அவள் இருமுகிறாள்.

கேட்டதை ஊற்றினேன்.
விற்கிறவள் வேறென்ன செய்வாள் என்று
அன்றிரவு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்,
இரண்டு முறை.

நான்கு நாள் அவனுக்குப் பின்னால் காற்று சுத்தமாய் இருந்தது.
ஐந்தாம் நாள், பழைய பாலத்தின் நடுவில்,
ஒரு மீன்காரியும் அவள் அண்டாவும் பின்னால் இருக்க,
ஓடிக்கொண்டிருந்தது அப்படியே இறுகிப் போனது.
பின்சக்கரம் தாரில் ஒரு கோடு இழுத்தது.
மீன்காரி காயமில்லாமல் இறங்கினாள்,
காசு தராமல் நடந்தாள்.
நானும் தந்திருக்க மாட்டேன்.

மெக்கானிக் எலிசே பிஸ்டனைக் கழற்றி
என் மேசையில் வைத்துவிட்டுப் போனான், சாட்சி போல.
ஒரு பக்கம் மழமழப்பு.
மறுபக்கம், பூட்டிய கதவை உள்ளேயிருந்து
நகத்தால் கீறிக் கீறிப் பார்த்த மாதிரி.
தார்ப்பாய் பறக்காமலிருக்க
இப்போது அதுதான் பாரம்.

வண்டி ஒன்பது நாள் பட்டறையில் கிடந்தது.
சட்டையைத் துவைத்துப் போட்டுவிட்டு
எங்கெங்கோ மூட்டை தூக்கினான்.
சோளமாவு கடனில்.
பத்தாம் நாள் வண்டியோடு வந்தவன்
கடனைப் பற்றிப் பேசவில்லை.
"ஒன்பது ராத்திரியும் அவள் இருமவில்லை" என்றான்,
திருட்டை ஒப்புக்கொள்கிறவன் குரலில்.

டப்பாவை எடுத்தேன்.
அவன் தடுக்கவில்லை.
விளிம்புவரை.
மூன்றாம் உதையில் பிடித்துக்கொண்டது.
நீலப் புகைக்குள் கொஞ்ச நேரம்
ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றோம்.

இப்போது வண்டி அவன் வாசலில் தூங்குகிறது.
சங்கிலி பின்சக்கரத்தில் நுழைந்து, ஜன்னல் ஏறி,
உள்ளே அவன் கணுக்காலில் முடிகிறது.
அவன் புரண்டால் வெளியே சக்கரம் முனகுகிறதாம்.
காலையில் நொண்டிக்கொண்டு வருகிறான்.
மற்ற ஓட்டிகள் கேலி பேசுகிறார்கள்.
குழந்தையைப் பற்றி நான் கேட்பதில்லை;
தெருவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே
எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும்.

மாலை ஆறு மணிக்கு
சந்தி முழுக்க வண்டிகள் உறுமி நின்று
எதிர்க்கடைப் பெயர்ப்பலகை மறைகிறபோது
ஒரு கணக்கு என் தொண்டையில் வந்து உட்காரும்:
இன்று எத்தனை டப்பா,
அதில் எரிந்தது எவ்வளவு, எரியாதது எவ்வளவு,
எரியாதது இப்போது யார் அறையில்.
விடை வருமுன் எவனாவது ஹாரன் அடிப்பான்.
இரண்டு லிட்டர், என்பான்.